சூரியன் மறைந்த பின்பா என்று கேட்ட நாட்காட்டி

1

முதலில் என்னுடைய முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் உங்களுக்குச் சொல்லி, அவர்கள் முந்திக்கொண்டு சிரிப்பதை நான் விரும்பவில்லை. என் மனைவி மலரின் திதியை நான் எபிரேய நாட்காட்டிச் செயலியில் போட்டு வைத்திருக்கிறேன். ஓம், யூதர்களின் நாட்காட்டி. வலமிருந்து இடமாக ஓடுகிற எழுத்து. அந்த எழுத்துகளுக்கு நடுவே 'மலர்' என்று தமிழில், வலது ஓரத்தில், பஸ்ஸில் சன்னல் பக்கம் இடம்பிடித்தவள் போல இருக்கிறாள்.

இது எப்படி வந்தது என்றால், வேலையால் வந்தது. நான் ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் என்ற ஊரில் இருக்கிறேன். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் உள்ள ஒரு யூத முதியோர் இல்லத்தில் ஹவுஸ்மைஸ்டராக வேலை. அந்தச் சொல்லுக்கு வீட்டின் தலைவன் என்று பொருள் எடுத்துக்கொண்டு, சேர்ந்த புதிதில் ஊருக்குப் போன் எடுத்துப் பெருமையடித்தேன். பல்பு மாற்றுவதும் அடைத்த குழாய்க்குள் கையை விடுவதுமே அந்தத் தலைமை என்று அடுத்த நாள் தெரிந்தது. பெயரும் அங்கே மாறிப்போனது. யோகராசாவை அவர்கள் 'ஹெர் யோகா', அதாவது திருவாளர் யோகா, ஆக்கிவிட்டார்கள். குனிந்தால் நிமிரக் கைத்தாங்கல் வேண்டிய ஒருவனுக்கு அந்தப் பெயர்.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதன்பிறகு பக்தியுள்ளவர்கள் சுவிட்சைத் தொடமாட்டார்கள். ஆகவே அதற்கு முன் நான் லிஃப்டை வேறு ஒழுங்குக்கு மாற்றிவிட வேண்டும். யாரும் பொத்தானை அழுத்தாமலே அது மாடிக்கு மாடி நின்று, கதவைத் திறந்து மூடி, மேலும் கீழும் தன்பாட்டில் போய்வரும். எத்தனை மணிக்கு மாற்றுவது என்பது கிழமைக்குக் கிழமை வேறுபடும். அதைப் பார்க்கத்தான் இந்தச் செயலி.

முதல் கோடையில் செயலியில் இடம் ஜெருசலேம் என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. அங்கே சூரியன் மறைய, நான் இங்கே லிஃப்டை மாற்றிவிட்டேன். வெளியே பட்டப்பகல். மூன்றாம் மாடிக்குப் போக வேண்டிய கிழவர்கள் எல்லா மாடியையும் தரிசித்துக்கொண்டு போனார்கள். 'இந்துவை வேலைக்கு வைத்தோம், அவன் எங்களைவிட யூதனாக இருக்கிறான்' என்று மேலாளர் அம்மா எல்லாருக்கும் சொல்லித் திரிந்தார்.

2

ஃபிராவ் ரைசா, எங்கள் பேச்சில் ரைசா அம்மா, இரண்டாம் மாடியில் இருக்கிறார். ஒடெஸாவில் கணக்கு ரீச்சராக இருந்தவர். ஜெர்மனிக்கு வந்தது வயது போன பிறகு. அவருடைய ஜெர்மன் ரஷ்ய மொழியில் நடக்கும், என்னுடையது யாழ்ப்பாணத் தமிழில் நடக்கும். இருவரும் நடுவழியில் சந்தித்துக்கொள்வோம். எங்களுக்குள் இலக்கணத் தகராறு வந்ததில்லை, ஏனென்றால் இரண்டு பேரிடமும் இலக்கணம் இல்லை.

ஒருநாள் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அவருக்கு எபிரேயம் வாசிக்கத் தெரியாது. அவர் வளர்ந்த நாட்டில் அதைப் படிப்பிக்க விட்டதில்லையாம். செயலியோ தொடக்கத்தில் முழுக்க எபிரேயத்தில் நின்றது, அதை ஜெர்மனுக்கு மாற்ற எனக்கும் தெரியவில்லை. ஆகவே கீரிமலைக் கோயிலில் முடியிறக்கிய நான், மாதப் பெயர்களின் எழுத்து வடிவத்தை மனனம் பண்ணி, ஒரு யூதப் பெண்மணிக்கு அவருடைய நாட்காட்டியை வாசித்துக் காட்டத் தொடங்கினேன். இரண்டு பேரும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்போம். சமையலறையில் வேலை செய்யும் பெடியன் ஒருவன் ஒருநாள் அதைக் கண்டு, விரலால் இரண்டு தட்டுத் தட்டி, இறந்தவர் பட்டியலைத் தவிர மற்றதையெல்லாம் ஜெர்மனுக்கு மாற்றிவிட்டுப் போனான். எங்களுக்குச் சப்பென்று போய்விட்டது.

அவருக்கு வேண்டியது ஒரேயொரு நாள். கணவர் இறந்த நாள். எங்களைப் போலத்தான் அவர்களும். ஆங்கிலத் திகதியைப் பார்ப்பதில்லை, நிலவைப் பார்த்து வரும் தங்கள் மாதத்தின் நாளைப் பார்க்கிறார்கள். அந்த நாள் தொடங்கும்போது ஒரு கண்ணாடிக் குவளைக்குள் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அது அடுத்த நாள் மாலைவரை எரியும். அறைக்குள் மெழுகுவர்த்தி கொளுத்தக்கூடாது என்று சுவரில் அறிவித்தல் ஒட்டியவன் நான். அவருடைய குவளையைத் தூக்கிப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்து, புகைமணிக்குக் கீழே நின்று காவல் காத்தவனும் நான்.

'என்ன, இது எங்கட திதி அல்லவோ' என்று எனக்கு அன்றைக்குப் பட்டது. அவருக்கு விளக்க முயன்றேன். வளர்பிறை, தேய்பிறை என்று இரண்டு கையையும் காற்றில் வளைத்துக் காட்டினேன். கடைசியில் எனக்குத் தோள்மூட்டு நோகிறது என்று அவர் முடிவெடுத்து, தன்னுடைய களிம்பைத் தந்துவிட்டார்.

3

எனக்கும் திகதிகளுக்கும் தொடக்கத்திலிருந்தே சரிவந்ததில்லை.

நான் கிழக்கு பெர்லினில், ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியது இன்னொருவருடைய கடவுச்சீட்டில். விமானத்தில் இருந்தபடி அந்த மனிதரின் பிறந்த திகதியைத் தேவாரம் போலப் பாடமாக்கினேன். யாரும் கேட்கவில்லை. பிறகு மேற்குப் பக்கம் வந்து அகதி விசாரணையில் உட்கார்ந்தபோது கேட்டார்கள். உண்மையைச் சொல்ல வேண்டிய அந்த இடத்தில், பாடமாக்கினது வாயிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது. பெயர் என்னுடையது, பிறந்தநாள் அவருடையது. திருத்துவதற்கு அன்ட்ராக் போடலாம் என்றார்கள். அன்ட்ராக் என்றால் விண்ணப்பம். அதோடு ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது இருந்த கந்தோர் சண்டையில் எரிந்துபோயிற்று. எரிந்துபோனதற்கும் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். நான் விட்டுவிட்டேன்.

அன்று முதல் என்னை அரசாங்கமும் காப்புறுதிக் கம்பெனியும் பல்வைத்தியரும் யாரோ ஒருவரின் பிறந்தநாளில் வாழ்த்துகிறார்கள். மலர் அதை விடவில்லை. ஒவ்வொரு வருசமும் அந்த நாளில் ரவைக் கேக் செய்வாள். "அந்தாள் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும், அவராலதானே நீங்கள் வந்தனீங்கள்" என்று முதல் துண்டை வெட்டித் தனியே ஒரு கோப்பையில் வைப்பாள். மகள் தாரணி சின்ன வயதில் அந்த மனிதரைச் சித்தப்பா என்று நினைத்திருந்தாள்.

மலரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் நான் கார் ஓடுவதைவிடக் கார் நிறுத்துவதுதான் அவளுக்குப் பெரிய பொழுதுபோக்கு. இரண்டு காருக்கு நடுவே பின்பக்கமாக விடுவது எனக்கு இன்றுவரை ஏலாது. சோதனையில் என்னைத் திரும்பத் திரும்பப் பெயிலாக்கியதும் அதுதான். இடமொன்று கண்டதும் மலர் இறங்கி, நடைபாதையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். நான் முன்னுக்கும் பின்னுக்கும் உரஞ்ச, போகிற தமிழ்ச் சனத்தைக் கூப்பிட்டுக் காட்டுவாள். "பாருங்கோ அக்கா, என்ர மனுசன் கப்பல் கட்டுறார்." சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரிப்பாள்.

4

நவம்பர் மாதம். மலருக்கு இதயத்தில் வால்வு மாற்றினார்கள். நல்லபடி முடிந்தது, அடுத்த கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, சன்னலோரம் சாய்ந்து இருந்தாள். கீழே தெரு தெரியும். தாரணிக்கு டிரெஸ்டனில் ஆய்வுகூடத்தில் வேலை. அவளும் லீவு எடுத்து வந்திருந்தாள்.

அந்தத் தெருவில் காரைக் கொஞ்ச நேரம்தான் விடலாம். வந்த நேரத்தைக் காட்டும் நீல மட்டையைக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். நேரம் முடியப்போகிறது என்று மலருக்குத்தான் ஞாபகம் வந்தது.

"போய்க் காரை மாத்தி விட்டிட்டு வாங்கோ. அவங்கள் டிக்கட் எழுதிப்போடுவாங்கள்."

எனக்கு அவள் கடைசியாகச் சொன்னது அதுதான். மற்றவர்களின் மனைவிமார் கடைசியில் சாமி பெயர் சொல்வார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு போக்குவரத்து அறிவித்தல்.

இறங்கிப் போகும்போது வெளியே வெளிச்சம் இருந்தது. நவம்பர் மாதத்து வெளிச்சம், கழுவின தண்ணீர் மாதிரி. சன்னலுக்கு நேரெதிரே, தெருவின் மற்றப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. வழக்கம்போல முன்னுக்கும் பின்னுக்கும் போனேன். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். வெட்கத்தில் அந்த இடத்தை விட்டுவிட்டு, சுற்றிச் சுற்றி, எங்கேயோ தூரத்தில் விட்டுவிட்டு நடந்து வந்தேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது தெருவிளக்குகள் எரிந்தன.

மேலே போனால் அறைக்குள் எல்லா விளக்கும் போட்டிருந்தது. சன்னல் மறைப்பை இறக்கிவிட்டிருந்தார்கள். டாக்டரும் தாதிமாரும் கட்டிலைச் சுற்றி நின்று, பிறகு விலகி நின்றார்கள். தாரணி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சன்னலைப் பார்த்து நின்றாள். மறைப்புப் போட்ட சன்னலில் பார்க்க என்ன இருக்கிறது என்று நான் யோசித்தது இப்போதும் ஞாபகம்.

அன்றைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பின்னேரத்தைப் பற்றிக் கதைத்ததில்லை. நான் பகிடி விடுகிற ஆள். செத்தவீட்டிலும் விட்டேன். சவப்பெட்டி தெரிவு செய்யப் போன இடத்தில், கம்பெனிக்காரன் உள்மெத்தையின் தரத்தை விளக்க, 'படுத்துப் பார்த்து வாங்கலாமோ' என்று கேட்டேன். தாரணி என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் மேல் இருக்கிறது. "அப்பா, காணும், நிப்பாட்டுங்கோ" என்றாள். அதற்குப் பிறகு அவளுடைய செய்திகள் சுருங்கிவிட்டன. நான் நீளமாக எழுதினால் 'பாஸ்ட்' என்று ஒரு ஜெர்மன் சொல் வரும். சரி என்று அர்த்தம். சில நேரம் அதுவும் இல்லை, ஒரு கட்டைவிரல் மட்டும்.

5

முதல் வருசம், ஆட்டைத் திவசத்துக்கு ஐயர் குறித்துத் தந்த நாளில் தாரணி வந்தாள், சமைத்தாள், படைத்தாள், பின்னேர ரயிலில் போய்விட்டாள். இந்த வருசம் வேறு ஐயரையும் கேட்டதுதான் பிழை. முதல் ஐயர் யாழ்ப்பாணத்தில் அச்சடித்த பஞ்சாங்கத்தை அப்படியே பார்ப்பவர். இரண்டாமவர் அதை ஜெர்மனியின் சூரிய உதயத்துக்குக் கணித்துப் பார்ப்பவர். இருவருக்கும் ஒருநாள் வித்தியாசம். கனடாவில் இருக்கும் மச்சானுக்குப் போன் எடுத்தேன். அவர் தாராளமாக மூன்றாவது நாளொன்று தந்தார்.

மூன்றையும் தாரணிக்கு ஒவ்வொன்றாக அனுப்பினேன். அவளே போன் எடுத்தாள். அதுவே பெரிய விசயம்.

"அப்பா, ஒரு திகதி சொல்லுங்கோ. ஒண்டே ஒண்டு. மூண்டு நாளைக்கு லீவு கேட்டால், எத்தினை அம்மா செத்தவ எண்டு வேலையில கேப்பினம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் மகளேதான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லாட்டி என்னால வரேலாது. பிறகு நீங்கள் தனியப் படையுங்கோ."

தனியே படைப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மலரின் படத்துக்கு முன்னால் ஒரு தலைவாழையிலை. அதுகூடக் கடதாசி வாழையிலை. அதன் முன்னால் நான் இருந்து, யாருக்கும் கேட்காத பகிடியை விட்டுக்கொண்டு. இந்த முறை அவள் வராவிட்டால் அடுத்த முறையும் வரமாட்டாள். பிள்ளைகள் கோபித்துக்கொண்டு போவது குறைவு. வராமல் இருப்பது பழகிப் பழகித்தான் போகிறார்கள்.

அந்த மனநிலையில்தான் செயலியைத் திறந்தேன். ஐயர்மார் சண்டை பிடிக்கட்டும், ஊரின் பெயரைக் கேட்டு ஜெர்மனிக்கென்றே நாள் பார்த்துத் தருகிற நாட்காட்டி கையில் இருக்கிறது, அதற்குத் தட்சணையும் இல்லை என்பது என் ஞானம். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் மலர் என்று போட்டேன். இறந்த திகதியைப் போட்டேன். அதன் கீழே ஒரு சின்னப் பெட்டி. பக்கத்தில் ஒரு கேள்வி: சூரியன் மறைந்த பின்பா?

அவர்களுக்கு நாள் தொடங்குவது மாலையில். சூரியன் மறைவதற்கு முன் என்றால் ஒரு நாள், பின் என்றால் அடுத்த நாள். பெட்டியில் சரி போட்டேன், திகதி ஒன்று தள்ளிப் போனது. எடுத்தேன், திரும்பி வந்தது. அன்றைய சூரிய மறைவு நேரத்தையும் செயலியே காட்டியது. நான் இறங்கிப் போனதற்கும் ஏறி வந்ததற்கும் இடையில் விழுந்தது அந்த நேரம். சான்றிதழில் இருப்பது டாக்டர் வந்து பார்த்த நேரம். அதையே முன்னர் ஐயர்மாருக்கும் கொடுத்து ஒப்பேற்றியிருந்தேன்.

அந்தச் சரியைப் போட்டும் எடுத்தும் பார்த்தபடி ஃபிராவ் ரைசாவின் அறையில் நின்றேன். குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்று கூப்பிட்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன். மாதத்தின் பெயரைப் பார்த்தார். ஹெஷ்வான். பண்டிகை ஒன்றுகூட இல்லாத மாதம், அதனால் அதைக் கசப்பு மாதம் என்பார்கள் என்றார். பிறகு முன்பா பின்பா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"அங்கே யார் இருந்தார்?"

"மகள்."

"அப்படியென்றால் குழாயைத் திருத்து. என்னிடம் ஏன் கேட்கிறாய்?"

குழாயைத் திருத்தினேன். வாசரை மாற்றிப் பூட்டினேன். நான் போக எழும்பியபோது, தன் கணவர் போனது விடிய முன்பு என்றும், அதைத் தனக்குச் சொன்னவள் அன்றிரவு வேலையில் நின்ற ஒரு தாதி என்றும், கேட்பதற்குத் தனக்கு மூன்று வருசம் எடுத்தது என்றும் சொன்னார். களிம்பை மறுபடியும் தந்தார்.

6

வெள்ளிக்கிழமை. சூரியன் மறைய இன்னும் நேரம் இருந்தது. லிஃப்டை மாற்றிவிட்டு, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க உள்ளே ஏறி நின்றேன். வழக்கமாக ஒரு சுற்றுப் போய் இறங்கிவிடுவேன்.

போனை எடுத்துத் தாரணிக்கு எழுதத் தொடங்கினேன். 'ஐயர்மாரை விட்டிட்டு இப்ப யூத மதத்துக்கு மாறிட்டன்' என்று தொடங்கினேன். அழித்தேன். 'சூரியனைப் பற்றி ஒரு சந்தேகம், நீ விஞ்ஞானி எண்டபடியால் கேக்கிறன்' என்று எழுதினேன். அதையும் அழித்தேன். கதவு திறந்தது, யாரும் ஏறவில்லை, மூடியது. இப்படி எழுதி அழித்ததில் லிஃப்ட் உச்சிக்குப் போய்க் கீழே வந்துவிட்டது. பகிடி இல்லாமல் ஒரு வசனம் எழுத எனக்கு ஐந்து மாடி போதவில்லை.

இவ்வளவு காலமும் நான் கேட்காமல் இருந்ததன் காரணத்தை உங்களுக்கு ஏன் ஒளிக்க வேண்டும்? நான் ஒரு வாகனத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றிய நேரத்தில் அவள் என்னைத் தேடினாளா என்று கேட்க வேண்டிவரும். தேடினாள் என்று தாரணி சொன்னால், அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன். தேடவில்லை என்று சொன்னாலும் அப்படித்தான். அந்தச் சின்னப் பெட்டி கேட்டது சூரியனைப் பற்றி மட்டும். அந்த அளவுக்கு மட்டும் நானும் கேட்கலாம் என்று பட்டது.

எழுதினேன்: 'பிள்ளை, அம்மா போகேக்க வெளியில இருட்டிட்டுதோ?'

அனுப்பிவிட்டேன். இரண்டாம் மாடியில் கதவு திறக்க, ஃபிராவ் ரைசா ஓய்வுநாளுக்கான நல்ல சட்டையோடு நின்றார். என் முகத்தைப் பார்த்தார். ஏறவில்லை. அடுத்தமுறை வருகிறேன் என்று கையைக் காட்டினார். கதவு மூடியது.

தாரணி எழுதுகிறாள் என்று போன் காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது. மாடிகளுக்கு நடுவே சிக்னல் இல்லை. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் போனை வெளியே நீட்டினேன், வெளிச்சத்தில் யாருக்கோ எதையோ காட்டுகிறவன் போல. மூன்றில் இல்லை. நாலில் இல்லை. உச்சி மாடியில் கதவு திறந்து, மேற்குப் பக்கச் சன்னலால் கடைசி வெயில் லிஃப்டுக்குள் வந்து விழுந்தபோது போன் அதிர்ந்தது. அவள் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவாள். நான் வாய்க்குள் கூட்டிக் கூட்டி வாசித்தேன்.

'இருட்டேல்லையப்பா, நீங்கள் கார் விடுறதை யன்னலால பாத்துச் சிரிச்சுக்கொண்டிருந்தவ.'